கூலிக்கு ஒரு சொல்

என் வாப்பா மேசன். காத்தான்குடியில் அவர் கட்டிய சுவர்கள் இன்னும் சில நிற்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றாலும் கூலிப் பேச்சில் அவரிடம் சொற்களுக்குக் குறைவிருக்கவில்லை. நாட்கூலி வேறு, கொந்தராத்து வேறு. "நாட்கூலிண்டா சீமெந்து விலை ஏறினா வூட்டுக்காரனுக்குக் கவலை. கொந்தராத்துண்டா நமக்குக் கவலை" என்பார். 1978 நவம்பர் சூறாவளிக்குப் பிறகு ஊரெல்லாம் கூரை போட ஆள் தேடியபோது, ஒரு வீட்டைக் கொந்தராத்தாக எடுத்துவிட்டுச் சாமான் விலை ஏறிக் கையைக் கடித்துக்கொண்டார். அந்த வருடம் உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது.

பிழைப்புக்காகப் பாரிசுக்கு வந்து, சாப்பாட்டுக் கடைகளில் கோப்பை கழுவி, இரவு வகுப்பில் பிரெஞ்சு படித்து, ஒருவாறு மொழிபெயர்ப்பாளன் என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு நான் வந்தபோது எனக்குக் கிடைத்தவை கவிதைகளல்ல. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாற்ற வேண்டிய கேள்விப்பத்திரங்களும் விலைப்பட்டியல்களும் கூலிக் கணக்குகளுமே வந்தன. முதல் முதலாக 'ரெஜி', 'ஃபோர்ஃபே' என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களைக் கண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. செலவான நேரத்துக்கும் சாமானுக்கும் பணம் வாங்குவது ரெஜி. மொத்தமாக ஒரு விலை பேசி முடிப்பது ஃபோர்ஃபே. வாப்பாவின் நாட்கூலியும் கொந்தராத்தும்தான். 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குடியியல் சட்டக்கோவையின் 1793ஆம் பிரிவு, ஃபோர்ஃபேயாகக் கட்டடம் கட்ட ஒப்புக்கொண்டவன், கூலி ஏறியது, சாமான் விலை ஏறியது என்று சொல்லிக் கூடுதல் பணம் கேட்க முடியாது என்கிறது. அதை வாசித்தபோது உம்மாவின் காப்பு நினைவுக்கு வந்தது.

ஆனால் எல்லாச் சொற்களும் இப்படி நேருக்கு நேர் நிற்பதில்லை. தொழிலாளியின் சம்பளத்துக்கு மேல் முதலாளி கட்ட வேண்டிய பணத்தை ஆங்கிலக் கணக்கர்கள் 'பேர்டன்' என்பார்கள், சுமை. பிரெஞ்சு முதலாளிமார் 'ஷார்ஜ்' என்பார்கள், அதுவும் சுமைதான். தொழிற்சங்கக்காரர்களுக்கு அந்தச் சொல் பிடிக்காது. 'கொத்திசாசியோன்', அதாவது பங்களிப்பு என்றே எழுதுவார்கள். அது பிந்திக் கிடைக்கும் சம்பளம் என்பது அவர்கள் வாதம். நம் நாட்டில் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் கட்டுகிறார்கள். அந்த 12 வீதத்தை யாரும் சுமை என்று எழுதி நான் பார்த்ததில்லை, மனதுக்குள் நினைக்கக்கூடும். எந்தச் சொல்லைப் போடுகிறேன் என்பதிலேயே நான் யார் பக்கம் நிற்கிறேன் என்பது தெரிந்துவிடுகிறது. பணம் தருபவர் பெரும்பாலும் முதலாளி. ஆகவே பெரும்பாலும் ஷார்ஜ் என்றே எழுதியிருக்கிறேன்.

'தெவி' என்ற சொல்லும் இப்படித்தான். பிரான்சில் அது விலை மதிப்பீடு, கனடாவின் கியூபெக்கிலோ வேலையின் விவரக்குறிப்பு. மொன்றியலுக்கு அனுப்பிய தாளொன்றில் இதைக் கவனிக்காமல் ஏச்சு வாங்கினேன். அதில் எவருக்கும் நட்டமில்லை.

நட்டம் வந்தது 2016இல். பாரிசின் வடக்குப் புறநகரில் எங்கள் பக்கத்துக் காக்கா ஒருவர் தரைக்கல் பதிக்கும் சிறு தொழில் நடத்துகிறார். மூன்று பையன்கள் வேலைக்கு. கடைகளுக்கு உள்வேலை செய்யும் ஆங்கிலேயக் குழுவொன்று அவரிடம் விலை கேட்டது. கூலிச் செலவைக் கணக்கிட்டு 20 வீத 'மார்ஜின்' சேர்த்துத் தரும்படி அவர்களுடைய தாளில் இருந்தது. நான் 'தோ த மார்ஜ்' என்று எழுதினேன். சொல் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தது. கூலிச் செலவு 40,000 யூரோ. காக்காவின் கணக்காளப் பெண் அதன்மேல் 20 வீதம் சேர்த்து 48,000 என்று போட்டார். ஆங்கிலேயர் உடனே ஒப்புக்கொண்டார்கள். அவ்வளவு விரைவாக ஒப்புக்கொண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வேலை இழுபட்டது. நான்கு சனிக்கிழமை பையன்கள் கூடுதலாக வேலை செய்தார்கள். அடுத்த மாதம் அவர்களில் இளையவன் சம்பளத்தாளை என்னிடம் கொண்டுவந்தான்.

"காக்கா, இதுல சனிக்கிழமை எங்க இருக்கு?"

சாதாரண மணித்தியாலமாகச் சேர்த்திருந்தார்கள். இங்கே வாரத்துக்கு 35 மணித்தியாலம். அதற்கு மேல் முதல் எட்டு மணித்தியாலத்துக்கு, வேறு உடன்படிக்கை இல்லாவிட்டால், 25 வீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். எனக்கு அது தெரியும். காக்காவோ என் கூட்டாளி. "விசாரிச்சுப் பாக்கிறன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விசாரிக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து வேறொரு வேலைக்காகப் பிரெஞ்சுக் கணக்கியல் பாடநூலொன்றைப் புரட்டினேன். 'தோ த மார்ஜ்' என்பது இலாபத்தைக் கொள்விலையோடு ஒப்பிடுவது என்று போட்டிருந்தது. விற்பனை விலையோடு ஒப்பிட்டால் அதற்குப் பெயர் 'தோ த மார்க்'. ஆங்கிலேயன் மார்ஜின் என்றால் விற்பனை விலையில் 20 வீதம். 40,000 யூரோச் செலவுக்கு விலை 50,000 வந்திருக்க வேண்டும். ஓர் எழுத்து வித்தியாசம் 2,000 யூரோவைத் தின்றிருந்தது.

இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. சொல்லாமல் விட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. மூன்றாம் நாள் போனேன். காக்கா தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு முழுவதையும் கேட்டார். கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நூறு ரூபாக் கணக்குல சொல்லு தம்பி" என்றார்.

செலவு நூறு. நம்மட கணக்கில் விலை 120. அவன்ட கணக்கில் 125. சொன்னேன். தலையாட்டினார். அந்தப் பணத்தை நான் தருகிறேன் என்றேன். கையை அசைத்து மறுத்தார்.

"அந்த வேலையில கையில ஒண்டும் நிக்கேல்ல. அதாலதான் பையன்மார்ட சனிக்கிழமைக் காச..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். பிறகு கடித உறையொன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். 28 மணித்தியாலம், மணிக்கு 12 யூரோ, அதில் 25 வீதம் 3 யூரோ. ஆளுக்கு 84. மூவருக்கும் 252. ஷார்ஜ் தனி. நான் தின்ற 2,000க்கு முன்னால் அது மிகச் சிறிய தொகை. அந்தத் தொகை இல்லாமல்தான் நான் ஒரு பையனைத் திருப்பி அனுப்பியிருந்தேன்.

இப்போதெல்லாம் அவருடைய தாள்களில் வீதம் வரும் இடமெல்லாம் நூறு ரூபாவுக்கு ஓர் உதாரணம் பக்கத்தில் எழுதிக் கொடுக்கிறேன். பக்கம் கூடுகிறது, அதற்குக் கூலி கேட்பதில்லை.

அடுத்த மாதக் கடைசியில் இளையவன் மீண்டும் சம்பளத்தாளோடு வந்தான். புதிதாய் ஒரு வரி இருந்தது, 'ரப்பெல்'. என்ன என்று கேட்டான். நிலுவைச் சம்பளம் என்றேன். 84 என்ற எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இது கைக்கு வாறதா காக்கா, வெட்டுறதுக்கு முன்னயா?"