டேப்பட் சத்தமும் ரெண்டு மூணு ஸ்பேனரும்

பழைய பைக் வச்சிருக்கிற ரெண்டு பேர் சந்திச்சா, அஞ்சாவது நிமிஷம் பேச்சு டேப்பட்டுல வந்து நிக்கும். வெளியாளுக்கு இது சுத்த மொக்கை மேட்டர். ஆனா ஒரு எஞ்சினோட ஆயுசே மயிரிழை இடைவெளியில தொங்குதுன்னா கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம், தப்பில்ல.

வால்வ் தண்டுக்கும் அதை அமுக்குற ராக்கருக்கும் நடுவுல துளியூண்டு இடைவெளி இருக்கணும். அதிகமானா டிக் டிக்னு சத்தம் போட்டுக் காட்டிக் கொடுத்துடும். குறைஞ்சா சத்தமே வராது, அதுதான் ஆபத்து. எக்ஸாஸ்ட் வால்வோட சூடு பெரும்பாலும் அது சீட்ல உட்கார்ந்திருக்கிற நேரத்துலதான் ஹெட்டுக்கு இறங்கும். சரியா உட்கார விடலைன்னா வால்வ் கருகிடும். அதனால சத்தத்தைக் குறைக்கணும்னு டேப்பட்டை இறுக்கிக் கொடுக்கிற மெக்கானிக், கஸ்டமரை அன்னிக்கு மட்டும் சந்தோஷப்படுத்துறார். ஹெட்டைக் கழட்டுற பில் பின்னாடி வரும்.

இதைச் சரிபண்ண ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி வச்சிருந்தது. நம்ம ஊர் உதாரணம் புல்லட். 1955-ல இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்து மெட்ராஸுக்கு வந்து, திருவொற்றியூர்ல உருவான வண்டி. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்ல அட்ஜஸ்டர் மேல ராக்கர்ல இல்ல, கீழ புஷ்ராட் அடியில இருக்கும். எஞ்சின் நல்லா ஆறியிருக்கணும். பக்கவாட்டுல டேப்பட் கவரைக் கழட்டி, கம்ப்ரஷன்ல பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, ரெண்டு மூணு ஸ்பேனரை ஒரே நேரத்துல சின்ன பொந்துக்குள்ள விட்டு மல்லுக்கட்டணும். அளவு பார்க்க ஃபீலர் கேஜ் வேண்டாம். புஷ்ராட் விரலால சுத்தினா சுலபமா சுத்தணும், மேலும் கீழும் ஆடக்கூடாது. அவ்வளவுதான்! லாக் நட்டை இறுக்கும்போது அளவு லேசா நகர்ந்துடும், மறுபடி முதல்ல இருந்து. முட்டி சிராய்க்காம இதை முடிச்சவங்க கம்மி.

1969-ல வந்த ஹோண்டா சிபி750-ல திருகும் லாக் நட்டும் மேல ராக்கர் நுனியிலயே இருக்கும். இன்லெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட்டுக்கு 0.08. நாலு சிலிண்டருக்கு எட்டு வால்வ், ஒரு ஃபீலர் கேஜ், கொஞ்சம் பொறுமை. வேற எதுவும் வேண்டாம்.

கவாஸாகி இஸட்1 (1972) வேற ரகம். ராக்கரே கிடையாது. கேம் நேரா ஒரு பக்கெட்டை அமுக்கும், பக்கெட் மேல ஷிம்னு ஒரு வட்டத் தகடு. திருகு இல்லாததால தானா தளராது, அதிக சுற்றுல ஓட எடையும் கம்மி. ஆனா இடைவெளி மாறினா தகட்டையே மாத்தணும், அதுவும் 0.05 மில்லிமீட்டர் வித்தியாசத்துல. பக்கெட்டை அமுக்கிப் பிடிக்கத் தனி டூல் வேற. பி.காம். பாஷையில சொன்னா, புல்லட்காரருக்கு உழைப்புச் செலவு, இஸட்1காரருக்கு இன்வென்டரி செலவு. பெட்டி நிறைய ஷிம் வச்சிருக்கிற வொர்க்‌ஷாப்தான் ராஜா, ஓனர் வெறும் கஸ்டமர்.

டுகாட்டியோட டெஸ்மோவைப் பத்தி ரெண்டே வரி. ஃபாபியோ தாலியோனி வடிவமைச்சு 1956 ஸ்வீடன் கிராண்ட்பிரீல ஜெயிச்சது. வால்வைத் திறக்க ஒரு ராக்கர், மூட இன்னொண்ணு, ஆக ஒரு வால்வுக்கு ரெண்டு இடைவெளி. அழகுதான், பர்ஸ் கனமா இருக்கிறவங்களுக்கு.

பழைய வண்டி தேடுறவங்க முதல்ல கேட்கிறது சிசி, மைலேஜ், ஆர்.சி. புக். டேப்பட்டை யார் அட்ஜஸ்ட் பண்ணப்போறாங்கன்னும் அப்பவே கேட்டுக்கிறது நல்லது. ராத்திரி நேரம், நடு ரோடு, கையில டூல் கிட்டு மட்டும்னா இந்த நாலுல புல்லட்டுக்கும் ஹோண்டாவுக்கும்தான் ஓட்டு. புல்லட்னா எஞ்சின் ஆறுற வரைக்கும் டீக்கடை தேடணும் :-)

ராயல் என்ஃபீல்டே இந்த வேலையை ஒருமுறை ஒழிச்சுப் பார்த்தது. 2009 கிளாசிக்ல ஹைட்ராலிக் டேப்பட், எண்ணெய் அழுத்தமே இடைவெளியைப் பார்த்துக்கும். 2020-ல மீட்டியர் 350 வந்தப்போ மறுபடியும் திருகும் லாக் நட்டும் திரும்பி வந்தாச்சு. ஆனா இந்தத் தடவை இடம் மேல ராக்கர்ல, ஃபீலர் கேஜும் கட்டாயம். புஷ்ராடை விரலால சுத்திப் பார்க்கிற வேலை மட்டும் பழைய புல்லட்டுகளோடயே நின்னுபோச்சு.