ஆறு கிழமைப் பொறுமை

நோய்களுட் சில, வாயிற் கதவைத் தட்டி ஆரவாரத்தோடு வருவன. காய்ச்சல் வந்தால் உடல் கொதிக்கும். எலும்பு முறிந்தால் ஊரே கூடும். வேறு சில நோய்களோ பின்படலையால் ஓசையின்றி நுழைந்து, வீட்டிலுள்ளார் எவரும் அறியாவண்ணம் ஒரு மூலையிற் குந்திவிடுவன. ஆண்டு இரண்டு சென்ற பின்னரே, "இது நோயன்றோ!" என நாம் திடுக்கிடுகின்றோம். அத்தகைய நோயொன்று எமது இல்லத்தில் நுழைந்த கதையையும், அதனை நோயென்று அறியாது நாம் செய்த பிழையையும், அறிந்த பின்பு செய்த அதனினும் பெரிய பிழையையும் இன்று வாசகர்களுக்குக் கூற விரும்புகின்றோம். எம் பிழை பிறருக்குப் பாடமாகுமாயின் அதுவும் ஒரு பயனே.

எமக்கு மூத்தவர் ஒரு தமக்கையார். நாம் பத்து வயதுப் பாலகராயிருந்தபோது அன்னையார் காலமாகிவிட, எம்மைக் குளிப்பாட்டி, உணவூட்டி, பள்ளிக்கு அனுப்பி, பின்னர் ஆசிரியத் தொழிலுக்கும் உரியவராக்கியவர் அவரே. தமக்கென ஒரு குடும்பம் வேண்டாமென்று எம்மோடேயே தங்கிவிட்டார். விடியுமுன் முற்றம் கூட்டித் தண்ணீர் தெளிப்பார். அந்தியில் விளக்கேற்றிச் சுவாமி அறையில் நின்று அவர் தேவாரம் பாடத் தொடங்கினால், ஒழுங்கையாற் செல்வோர் நடையைத் தளர்த்திக் கேட்பர். அத்துணைக் கணீரென்ற குரல் அவருடையது.

அவருக்கு 63 வயது நடந்த காலத்தில் மெல்ல மெல்ல ஒரு மாற்றம் தோன்றலாயிற்று. விடியற்காலை எழும்புபவர் வெயிலேறிய பின்பும் பாயை விட்டு எழவில்லை. ஆனி மாதத்து வெக்கையிலும் போர்வை கேட்டார். அடுப்பிற் பாலை வைத்துவிட்டு மறந்தார். உணவு குறைந்தும் உடல் பருத்தது, தோல் வரண்டது, தலைமயிர் உதிர்ந்தது, மலச்சிக்கல் வருத்தியது. அந்தித் தேவாரம் முதலிற் சுருங்கிற்று. பின்னர், குரல் கம்மிவிட்டதென்று கூறி அதனை முற்றாக நிறுத்திவிட்டார்.

நாம் என்ன செய்தோம்? முதுமை என்றோம்; சோம்பல் என்றோம். ஒருநாள் சோறு கரிந்துவிட, "அக்கா, உங்களுக்கு வர வர ஒண்டிலும் அக்கறையில்லை" என்று கடிந்தும் பேசினோம். அவர் சினக்கவில்லை. "ஓம் தம்பி, எனக்கும் விளங்குது. என்ன செய்ய, உடம்பு சொல்லுக் கேக்குதில்லை" என்று மெல்லக் கூறிவிட்டுச் சட்டியைக் கழுவச் சென்றார். அச்சொல் இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது.

உண்மையைக் கண்டவள் எம் மகள். உறவினர் வீட்டுத் திருமணப் படமொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், நான்கு ஆண்டுகளுக்கு முந்திய படமொன்றையும் எடுத்து அருகில் வைத்து, "அப்பா, மாமியின்ரை முகத்தை வடிவாய்ப் பாருங்கோ" என்றாள். ஒரே முகந்தானா என ஐயுறும்படி இமைகள் வீங்கி, கன்னங்கள் ஊதி, பார்வை மங்கியிருந்தது. நாள்தோறும் பார்த்த எம் கண்களுக்குத் தோன்றாதது, இரு படங்களை ஒருசேரப் பார்த்த கண்களுக்குத் தோன்றிற்று.

வைத்தியர் நாடியைப் பிடித்தார்; நிமிடத்துக்கு 52 துடிப்பு. குதிக்காலின் மேலுள்ள நரம்பைச் சிறு சுத்தியலாற் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் தன் நிலைக்குத் திரும்ப நேரமெடுத்தது. "மாஸ்ரர், இது சோம்பலில்லை. தைரொயிட் சுரப்பி வேலையைக் குறைச்சிட்டுது. இரத்தம் சோதிச்சுப் பாப்பம்" என்றார். பரிசோதனைத் துண்டில் ரி.எஸ்.எச். என்பதற்கு எதிரே 48 என்றிருந்தது. பெரும்பாலான ஆய்வுகூடங்கள் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரையுள்ள அளவையே சாதாரணமெனக் கொள்கின்றன.

சுரப்பி குறைந்திருக்க, இலக்கம் ஏன் கூடியிருக்கின்றது? மாணவ நேயர்களுக்கும் இவ்வையம் எழும். எமது இளமைக் காலத்துத் தோட்டத்தைக் கொண்டு இதனை விளக்கலாம். கிணற்றடியில் ஒருவர் துலாவால் நீர் இறைப்பார். தோட்டத்தில் மற்றொருவர் அந்நீரைப் பாத்திகளுக்குத் திருப்பிவிடுவார். வாய்க்காலில் நீர் குறைந்தால், "இறை, இறை!" எனத் தோட்டத்தில் நிற்பவர் கூவுவார். நீர் நிறைந்து வந்தால் அவர் வாய் திறவார். கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த தைரொயிட் சுரப்பியே கிணற்றடியில் நிற்பவர். அவர் இறைக்கும் நீர் தைரொக்சின் என்னும் ஓமோன். மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியே கூவுபவர், அக்கூவல்தான் ரி.எஸ்.எச். கூவல் ஓங்க ஓங்க, நீர் குறைந்துள்ளதென்பது பொருள்.

தமக்கையாரின் சுரப்பி குறைந்தமைக்கு உணவில் அயடீன் இன்மை காரணமன்று. இலங்கையில் 1995ஆம் ஆண்டு தொடக்கம் உப்பிற்கு அயடீன் சேர்க்கும் திட்டம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென மயங்கித் தாக்குவதால் வரும் நோய் இது. இவ்வகை நோயை ஜப்பானிய வைத்தியர் ஹக்கரு ஹஷிமோட்டோ 1912இல் விவரித்தார். அன்னவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகின்றது.

வைத்தியர், நாள் ஒன்றுக்கு 25 மைக்கிரோகிராம் அளவான தைரொக்சின் குளிசை எழுதித் தந்தார். இளவயதினருக்கு உடல் நிறையைக் கணக்கிட்டு, ஒரு கிலோகிராமுக்கு ஏறக்குறைய 1.6 மைக்கிரோகிராம் வீதம் முழு அளவையும் தொடக்கத்திலேயே கொடுப்பதுண்டு. முதியோருக்கும் இருதய நோயுடையாருக்கும் சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகவே கூட்டுவர். நெடுநாள் மெதுவாக இயங்கிய இருதயத்தை ஒரேயடியாக ஓட்டலாகாது. "ஆறு கிழமை கழிச்சு இரத்தம் சோதிச்சுக்கொண்டு வாங்கோ" என்றார்.

ஆறு கிழமையின் பின் இலக்கம் 31. அளவு 50 ஆயிற்று. மேலும் ஆறு கிழமை, இலக்கம் 14. வைத்தியரைக் காணக் குறித்த நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தமக்கையாரோ இன்னும் நண்பகலிலும் தூங்கிக்கொண்டிருந்தார். எமக்குப் பொறுமை கெட்டது. முப்பது ஆண்டுகள் கணக்குக் கற்பித்த எமக்கு, இது எளிய கணக்காகத் தோன்றிற்று. 25 கூட்டியதால் 17 குறைந்தது. ஆகவே 50 கூட்டினால் நோய் விரைவில் ஓடிவிடாதோ? எவரையும் கேளாது இரண்டு குளிசைகளாகக் கொடுக்கத் தொடங்கினோம். குறித்த நாளில் வைத்தியர் வெளியூர் சென்றிருந்தமையால், அப்பிழை மூன்றாவது கிழமையும் தொடர்ந்தது.

முதலிற் களிப்பே உண்டாயிற்று. தமக்கையார் எழுந்து நடமாடினார். பின்னர் கை நடுங்கலாயிற்று. இரவு உறக்கம் அகன்றது. ஒரு நள்ளிரவில், "தம்பி, நெஞ்சு படபடவெண்டு அடிக்குது" என்று எம்மை எழுப்பினார். நாடியைத் தொட்டால் எண்ண இயலாத வேகம். எம்மை வளர்த்த அக்கையை எம் கையாலேயே கொன்றுவிட்டோமோ என்று வாடகைக் காரிலே வைத்தியசாலை செல்லும் வழியெல்லாம் நடுங்கினோம்.

தெய்வாதீனமாக இருதயத்துக்கு ஊறு நேரவில்லை. வைத்தியர் எம்மைத் தனியே அழைத்துக் கூறியவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம்.

தைரொக்சின் உடலிற் புகுந்தால், அதிற் பாதி கழிய ஏறக்குறைய ஏழு நாட்கள் செல்லும். ஆதலின் அளவை மாற்றிய பின், இரத்தத்தில் அது ஒரு நிலையான மட்டத்தை அடைய ஐந்து கிழமையளவு வேண்டும். நெடுநாட் கூவிப் பழகிய கபச் சுரப்பி அடங்குதற்கு மேலும் காலம் வேண்டும். ஆறு முதல் எட்டுக் கிழமை காத்திருந்து பரிசோதிப்பதன் காரணம் இதுவே. அதற்கு முன் சோதித்தால், பாதி வெந்த சோற்றைப் பதம் பார்த்தது போலாகும். மேலும், தைரொக்சின் சிறிது மாறினாலும் ரி.எஸ்.எச். பலமடங்கு மாறும், எமது கூட்டல் கழித்தற் கணக்கு அங்கே செல்லாது. அளவு மிகுந்தால், முதியோருக்கு இருதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம், எலும்பும் தேயலாம். "மாஸ்ரர், ஒரு தவணைப் பாடத்தை ஒரு இரவிலை படிப்பிக்க ஏலுமோ?" என்று அவர் கேட்டபோது நாம் தலைகுனிந்து நின்றோம்.

சில நாட்கள் குளிசையை நிறுத்தி, மீண்டும் 50இல் தொடங்கி, பின்னர் 75 ஆக்கினார். இம்முறை நாட்காட்டியில் நாட்களை எண்ணிக் காத்திருந்தோம். இலக்கம் 2.7 என வந்தது.

கதை அத்துடன் முடியவில்லை. ஓராண்டு நன்றாயிருந்த பின், வழமையான பரிசோதனையில் இலக்கம் 11 என்றது. பழைய நாமாக இருந்திருந்தால் குளிசையைக் கூட்டியிருப்போம். இம்முறை துண்டை எடுத்துக்கொண்டு நேரே வைத்தியரிடம் சென்றோம். அவர் அளவைப் பற்றிப் பேசவேயில்லை, "புதிதாக வேறு மருந்து ஏதும் எடுக்கிறாவோ?" என்று மட்டும் வினவினார். எலும்பு வலுப்பெறவென்று வேறோரிடத்தில் கொடுத்த கல்சியம் குளிசையைத் தமக்கையார் காலையில் இதனுடன் சேர்த்தே விழுங்கிவந்தார். கல்சியமும் இரும்புச்சத்தும் தைரொக்சினைக் குடலில் உறிஞ்சவிடாது தடுப்பன. நான்கு மணி நேர இடைவெளியாவது வேண்டும். கல்சியத்தை இரவுக்கு மாற்றினோம். குளிசையின் அளவில் ஒன்றும் கூட்டாமலே, எட்டுக் கிழமையில் இலக்கம் 3க்கு இறங்கிற்று.

அன்று தொடக்கம் எம் வீட்டில் ஒரு கொப்பி இருக்கின்றது. திகதி, குளிசையின் அளவு, பரிசோதனை இலக்கம், புதிய மருந்துகள், உடல் நிலை என ஐந்து நிரல்கள். எழுதுபவர் தமக்கையாரே. விடிந்ததும் வெறுவயிற்றில் தண்ணீருடன் குளிசை. தேநீரும் உணவும் அரை மணி தொடக்கம் ஒரு மணி நேரத்தின் பின்பு. குளிசைப் பெட்டி அடுப்படி வெக்கைக்கு எட்டாத அலுமாரியில். மயிர் வளர்ச்சிக்கென விற்கும் பயோட்டின் என்னும் சத்துக் குளிசை பரிசோதனை இலக்கத்தையே பொய்யாக்கக்கூடும். அதனை உண்போர் இரத்தம் எடுக்குமுன் வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். இந்நோயுள்ள இளம் பெண்கள் கருவுற்றால் மருந்தின் தேவை கூடும். அவர்கள் அறிந்த அன்றே வைத்தியரை நாடுதல் வேண்டும். எவராயினும், சுகம் கண்டதென்று தாமாகவே குளிசையை நிறுத்தலாகாது.

"சீவியம் முழுக்க ஒரு குளிசையோ?" எனத் தமக்கையார் முதலில் வெகுவாகச் சலித்தார். அவருக்கு நாம் ஒரு வரலாறு கூறினோம். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்து வைத்தியர் ஜோர்ஜ் மறே, இந்நோய் முற்றிய 46 வயதுப் பெண்மணி ஒருவருக்குச் செம்மறியாட்டின் தைரொயிட் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்து வந்தார். அதுவரை தீர்வறியாத நோய் அது. அப்பெண்மணி மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 74ஆம் வயதிற் காலமானார். அவர் உட்கொண்ட மருந்துக்காக 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் வேண்டியிருந்தன. எட்வேட் கெண்டல் தைரொக்சினைத் தனியே பிரித்தெடுத்தது 1914ஆம் ஆண்டு நத்தார் தினத்தில். இன்று அதனை ஆட்டின் உதவியின்றியே செய்கின்றனர். மச்சம் மாமிசம் தீண்டாத தமக்கையார் இதனைக் கேட்டு, "நல்ல காலம் தம்பி, நான் பிந்திப் பிறந்தது" என்று நகைத்தார். அவர் நகைக்கக் கண்டு நெடுநாளாயிற்று என்பது அப்போதுதான் எமக்கு நினைவுக்கு வந்தது.

வாசகர்களே, உங்கள் வீட்டில் ஓடியாடித் திரிந்த ஒருவர் காரணமின்றிச் சோர்ந்தால், கடிந்து பேசுமுன் ஒருமுறை இரத்தத்தைச் சோதிப்பியுங்கள். மருந்து தொடங்கிய பின் அவசரப்படாதிருங்கள். எம்மை வளர்க்க அக்கா காத்திருந்த ஆண்டுகள் எத்தனையோ. அவருக்காக ஆறு கிழமை காத்திருக்க எம்மால் இயலவில்லையே என்னும் வெட்கம் இன்னும் எம்மை விட்டகலவில்லை.

சென்ற மார்கழியில் ஒரு மாலை நாம் வீடு திரும்பியபோது சுவாமி அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தேவாரம் ஒலித்தது. முன்னைய கணீரென்ற ஓசை முழுதும் வரவில்லை. இடையிடையே கரகரப்பும் இருந்தது. ஆயினும் அக்காவின் குரலே அது. படலையைத் திறவாமல், பதிகம் முடியுமட்டும் ஒழுங்கையிலேயே நின்று கேட்டோம்.