பயாப்சித் துணுக்கும் முழுக் கட்டியும்

கண்ணில் மஞ்சள் தெரிந்தால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கும் வழக்கம் கோலாலம்பூரின் செந்தூலில் இன்னும் போகவில்லை. மஞ்சள் இறங்கிவிட்டால் நல்ல பெயர் இலைக்குத்தான். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும். ஆனால் பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேர்ந்து முன்சிறுகுடலில் திறக்கும் சிறு மேட்டில், பாப்பில்லாவில், கட்டி வளர்ந்தாலும் காமாலை ஏறி இறங்கக்கூடும். கட்டியின் மேல்பகுதி அழுகி உதிர்ந்தால் அடைப்பு சற்று விலகும், பித்தம் வழியும், சிறுநீர் தெளியும். குணமாகிவிட்டது என்று நம்பி மாதங்களைக் கடத்துவது அப்போதுதான். இவ்வளவுக்கும் இது சிறியதாக இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும் கட்டி. பாதையின் வாயிலேயே உட்கார்ந்திருப்பதால், கணையத் தலைக்குள் ஒளிந்து வளரும் புற்றைவிடச் சீக்கிரம் பிடிபடுகிறது. வயிற்றெரிச்சலுக்காகச் செய்யும் எண்டோஸ்கோப்பியில் தற்செயலாகவும் கண்ணில் படுகிறது.

இந்தக் கட்டிகளில் பல, அடினோமா எனப்படும், இன்னும் புற்றாகாத வளர்ச்சிகள். முன்பு கத்தியைத் தவிர வேறு வழி இல்லை. 1935இல் விப்பிள் வெளியிட்ட அறுவையின் இன்றைய வடிவத்தில் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாயின் கீழ்ப்பகுதி எல்லாம் போகும். எண்டோஸ்கோப் வழியே இந்தக் குழாய்களுக்குள் சாயம் செலுத்திப் படம் எடுக்கும் இ.ஆர்.சி.பி. 1968இல் வந்தது, 1974இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பாப்பில்லாவின் சுருக்குத்தசையை உள்ளிருந்தே வெட்டிக் காட்டினார்கள், 1983இல் ஜப்பானின் சுசுகி குழுவினர் பாப்பில்லாவையே கம்பி வளையத்தால் அறுத்தெடுத்ததைப் பதிவு செய்தார்கள். இதைப் பலரும் 'ஆப்பரேஷன் இல்லாத வைத்தியம்' என்று மட்டும் பார்க்கிறார்கள். என் வாதம் வேறு. பாப்பில்லாவை இப்படி அறுத்தெடுக்கும் பாப்பிலெக்டமி முதலில் ஒரு முழுமையான பயாப்சி. வைத்தியம் என்ற தகுதி பெதாலஜி அறிக்கை வந்த பிறகே அதற்குக் கிடைக்கிறது. பயாப்சி இடுக்கி எடுப்பது மேல்தோலில் அரிசிக் குருணை அளவு. புற்று பெரும்பாலும் அடியில், குழாய் வாய்க்குள் இருக்கும். 'அடினோமா' என்று அறிக்கை வந்த கட்டியை முழுசாக எடுத்துப் பார்த்தபோது உள்ளே புற்று இருந்தது என்பது இத்துறையில் திரும்பத் திரும்பப் பதிவான செய்தி.

அப்படி ஏற்றுக்கொண்டால் கையின் வேலையும் மாறுகிறது. கட்டியைத் துண்டு துண்டாக எடுத்தால் ஓரம் எது, அடி எது என்று பெதாலஜிஸ்ட் சொல்ல முடியாது. ஆகவே முடிந்தவரை ஒரே துண்டாக எடுக்க வேண்டும். பெருங்குடல் பாலிப்புக்குச் செய்வதுபோல அடியில் திரவம் ஏற்றித் தூக்கலாமே என்று இளம் மருத்துவர்கள் கேட்பார்கள். இங்கே அது பெரும்பாலும் எதிராகவே போகும். நடுப்பகுதியை இரண்டு குழாய்களும் பிடித்திருப்பதால் அது எழும்பாது. சுற்றுப்புறம் மட்டும் உப்பி, கட்டி குழிக்குள் அமிழ்ந்துவிடும். அறுத்த நொடியில் இன்னொரு தலைவலி: குடல் அசைவில் துண்டு கீழே நழுவி ஓடப் பார்க்கும். அசைவை அடக்கும் ஊசியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். வேறெதற்கும் முன் துண்டை வளையத்தாலோ வலையாலோ பிடித்துவிட வேண்டும். பிறகு தக்கைமேல் விரித்துக் குத்தி ஃபார்மலினில் போட வேண்டும். சுருண்டுபோன துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புவது பாதி வேலையை வீணடிப்பது.

அடுத்தது கணையக்குழாயின் வாயைத் தேடுவது. வெந்து வெளுத்த புண்ணில் அந்தத் துளையைக் கண்டுபிடித்து மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டெண்ட் வைப்பதில்தான் பொறுமை சோதிக்கப்படுகிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் ஸ்டெண்ட் வைக்காத 9 பேரில் 3 பேருக்குக் கணைய அழற்சி வந்தது. வைத்த 10 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நடைமுறையை மாற்றியது.

புற்று இருக்கலாம் என்றால் நேராக விப்பிளுக்கே போகலாமே என்பது அறுவை மருத்துவர்களின் கேள்வி. நியாயமானதுதான். கோவையில் அறுவை மருத்துவர் பழனிவேலு குழுவினர் அதை லேப்ரோஸ்கோப்பியிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். செந்தூலிலிருந்து தூரமில்லாத செலாயாங் மருத்துவமனையிலும் கல்லீரல், பித்தநாள அறுவைக்குத் தனிப் பிரிவு உண்டு. கைதேர்ந்த இடங்களில் விப்பிளில் இறப்பு 100க்கு 5க்கும் கீழ். ஆனால் சிக்கல்கள் மூன்றில் ஒருவருக்காவது வருகின்றன. வெறும் அடினோமா உள்ளவருக்கு அந்த விலை அதிகம். பாப்பிலெக்டமியிலும் கணைய அழற்சி, இரத்தக்கசிவு ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வரும். இறப்பு மிக அரிது. ஆழமான புற்று என்று அறிக்கை வந்தால் விப்பிள் வழி திறந்தேதான் இருக்கிறது. நிணநீர்க் கணுக்களை எண்டோஸ்கோப்பால் எடுக்க முடியாது என்பதால், அப்போது தயங்காமல் அனுப்ப வேண்டும். கட்டி குழாய்க்குள் நீளமாக ஏறியிருப்பது அல்ட்ராசவுண்டில் முன்பே தெரிந்தால் வளையத்தைத் தொடவே கூடாது.

என்னைச் சற்று அசைக்கும் ஆட்சேபம் வேறொன்று. கட்டி திரும்ப வரும். பத்தில் ஒருவருக்கு மேல். முதல் ஆண்டில் 3, 6, 12ஆம் மாதங்களிலும் பிறகு ஆண்டுதோறும் 5 ஆண்டுகளாவது பார்க்க வேண்டும். பெருங்குடலையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், பரம்பரைப் பாலிப் நோய் அங்கே ஒளிந்திருக்கலாம். அரசு நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 5 ரிங்கிட்தான், ஆனால் நாள்கூலிக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகிறது. மஞ்சள் இறங்கியவுடன் வராமல் நின்றுவிடுபவர் அவர்தான். அதனால் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன், ஐந்து வருடம் யார் கூட்டிவருவார்கள் என்பதைக் குடும்பத்தை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். வழியே இல்லை என்று பதில் வந்தால், உடம்பு தாங்கக்கூடியவருக்கு அறுவையையும் சரிசமமாக எடுத்துச் சொல்வதே முறை.