நாலு கதவும் பூட்டியாச்சா? அப்பாவின் மாருதி 800-க்கு சென்ட்ரல் லாக் வந்த கதை!

சென்னையில் ஒரு சிக்னல். இரவு பதினொரு மணி. மருத்துவமனையில் ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தாள் அந்த நர்ஸ். திடீரென்று பின்கதவு திறந்தது. இடதுபக்கச் சீட்டில் ஒருவர் ஏறி உட்கார்ந்து, "தாம்பரம் போங்க" என்றார்.

கால் டாக்ஸி என நினைத்து ஏறிவிட்டார், பாவம். ஸ்டீயரிங்கில் இருந்தவள் திரும்பிப் பார்த்ததும், "சாரிம்மா... சாரிம்மா" என்று கும்பிடு போட்டுவிட்டு இறங்கி ஓடினார். அரை நிமிடம்தான். ஆனால், வீட்டுக்கு வந்த பிறகும் அவளுக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் அம்மா சொன்னது ஒன்றுதான். "முதல்ல அந்த வண்டியை வித்துடுடி."

அது அப்பாவின் கார். 2004-ல் வாங்கிய மாருதி 800. 1983-ல் முதல் வண்டி சாலைக்கு வந்து, 2014-ல் தயாரிப்பே நின்றுபோன மாடல். சொந்தக் காரின் பதிவு 15 வருடங்கள்தான் செல்லும். அதன்பிறகு ஐந்தைந்து வருடங்களுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2019-ல் அப்பா புதுப்பித்தார். 2024-ல் அவளே ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் நின்றாள். அப்போது அப்பா இல்லை.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, நாலு கதவையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். "கோயில் பிரதட்சணம் ஆரம்பிச்சாச்சு" என்று அம்மா கிண்டல் செய்வார். அந்த இரவுக்குப் பிறகு, அவளுக்கு அதுதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது. 'பின்கதவு லாக்கை அழுத்தினோமா, மறந்துட்டோமா?' அழுத்திய மாதிரிதான் இருந்தது. ஆனாலும் கதவு திறந்ததே?

விற்க மனசில்லை. அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடுக்குப் போனாள். கார் உதிரிப்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். சென்ட்ரல் லாக் கிட் ஒன்றை வாங்கிக்கொண்டு, வீட்டுப் பக்கத்திலிருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டாள். அம்மாவும் கூடவே வந்தார், சந்தேகத்தோடு!

பெட்டிக்குள் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. கைக்கு அடக்கமான நான்கு மோட்டார்கள், ஒரு கன்ட்ரோல் பாக்ஸ், கம்பிகள், கிளாம்ப்கள், வயர்கள், இரண்டு ரிமோட். கதவுக்குள் ஏற்கெனவே இருக்கும் லாக் கம்பியோடு மோட்டாரின் கம்பியை இணைத்துவிடுவார்கள். நாம் விரலால் அழுத்துவதையும் தூக்குவதையும் அந்த மோட்டார் செய்யும். அவ்வளவுதான். டிரைவர் கதவில் இருப்பது மட்டும் கொஞ்சம் விசேஷம். அதில் சாவியைத் திருப்பினால், மற்ற மூன்று கதவுகளுக்கும் அது தகவல் சொல்லும். டிக்கி இந்தக் கணக்கில் வராது. அதற்குப் பழையபடி சாவிதான்.

எலக்ட்ரீஷியன் தம்பி மோட்டாரைக் கையிலேயே எடுக்கவில்லை. முதலில் நாலு லாக்கையும் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். "பழைய வண்டிக்கா. லாக் இறுக்கமா இருந்தா மோட்டார் தள்ளித் தள்ளியே செத்துடும். முதல்ல ஆயில் விட்டு ஃப்ரீ பண்ணணும்" என்றார்.

இடதுபக்கப் பின்கதவின் உள்பலகையைக் கழற்றியதும் அவர் சிரித்தார். "அக்கா, இங்க வந்து பாருங்க."

லாக் கம்பியைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்துபோயிருந்தது. அதன் இடத்தில் யாரோ கட்டுக்கம்பியால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். வருடக்கணக்கில் ஆடி ஆடி முடிச்சு தளர்ந்துவிட்டது. மேலே குமிழ் இறங்கும். ஆனால், சில நேரம் உள்ளே லாக் விழாது.

"உங்கப்பா வேலைதான்" என்றார் அம்மா மெதுவாக. "வீட்ல எது உடைஞ்சாலும் கட்டுக்கம்பிதானே அவருக்கு."

அப்பா ஏன் சுற்றிச் சுற்றி வந்தார் என்பது அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது. அந்தக் கதவை நம்ப முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமல், தினமும் தானே இழுத்துப் பார்த்திருக்கிறார். அன்று இரவு அவள் மறக்கவில்லை. அழுத்தத்தான் செய்தாள்.

புது கிளிப் போட்ட பிறகே வேலை நகர்ந்தது. கதவுக் கண்ணாடியை முழுவதும் கீழே இறக்கி, அது இடிக்காத இடம் பார்த்துத்தான் துளை போட்டார். கதவுக்கும் பாடிக்கும் நடுவில் போகும் வயர்கள் நசுங்காமல் ரப்பர் குழாய்க்குள் விட்டார். பேட்டரியிலிருந்து வரும் லைனில் ஃபியூஸ் வைத்தார். உள்பலகைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டினார். "இதைத் தூக்கிப் போட்டுட்டா மழைத்தண்ணி உள்ள வந்துடும்கா. நிறைய பேர் இங்கதான் கோட்டை விடுவாங்க."

எல்லாம் முடிந்ததும் அம்மா தன் கேள்வியை எடுத்தார். "தம்பி, 2015 வெள்ளத்தைப் பார்த்தவங்க நாங்க. தண்ணிக்குள்ள வண்டி நின்னு கரன்ட் போயிட்டா, உள்ளேயே மாட்டிக்க மாட்டோமா?"

அவர் பதில் சொல்லவில்லை. அம்மாவை உள்ளே உட்காரவைத்து, ரிமோட்டில் நாலு கதவையும் பூட்டினார். பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைக் கழற்றினார். "இப்ப கரன்ட்டே இல்லம்மா. குமிழைத் தூக்குங்க."

அம்மா தூக்கினார். கதவு திறந்தது.

"மோட்டார் ஒரு உதவிக்குத்தான்மா. பழைய லாக் அப்படியேதான் இருக்கு. ஆனா ஒண்ணு, புது கார் மாதிரி இடிச்சா தானா திறக்கிற வசதியெல்லாம் இதுல கிடையாது. கையாலதான் தூக்கணும். ரிமோட் செல் தீர்ந்தா சாவி போட்டுத் திறங்க. சாவியை உள்ள வெச்சுட்டு மட்டும் கதவைச் சாத்திடாதீங்க."

அம்மா அதன்பிறகு விற்பதைப் பற்றிப் பேசவில்லை.

இப்போதெல்லாம் நைட் ஷிஃப்ட் முடிந்து வண்டியில் ஏறியதும் அவள் செய்யும் முதல் வேலை, பட்டனை அழுத்துவதுதான். 'டக்' என்று ஒரே சத்தத்தில் நாலு குமிழும் இறங்கும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கியரில் கை வைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயிலுக்குப் போனார்கள். இறங்கியதும் ரிமோட்டை அழுத்திவிட்டு நடந்தவள், அம்மாவைக் காணாமல் திரும்பிப் பார்த்தாள். அம்மா வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் லாக் ஆயிடுச்சேம்மா!"

"ஆயிருக்கும்டி. இருந்தாலும் ஒரு தடவை பார்த்துடறேன்."