நான்கு மணிப் படகு

2023 அக்டோபரில் பதுவைப் புனித அந்தோணியாரின் திருத்தலத்திற்குத் திருப்பயணம் சென்ற நாங்கள், அரைநாள் மிஞ்சியதால் அருகிலுள்ள வெனிஸ் நகரையும் காணச் சென்றோம். புனித மாற்கு சதுக்கத்தின் படிகளில் அமர்ந்து எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தபோது, இங்கே உண்டால் தண்டம் கட்ட நேரிடும் என்று வழிகாட்டி பதறினார். விருந்தினரை இப்படியும் நடத்துவார்களா என்று எங்களுக்கு மனத்தாங்கல்.

ரியால்ட்டோ பாலத்தருகே ஒரு மருந்துக்கடையின் கண்ணாடிக்குப் பின்னால் எண்கள் ஒளிர்ந்தன. ஏதோ விலை என எண்ணினோம். பழைய நகரில் எஞ்சியுள்ள குடிமக்களின் தொகையாம் அது! 1951இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்த இடத்தில் இன்று 50,000 பேர்கூட இல்லை. வேளாங்கண்ணித் திருவிழாக் கூட்டத்தைக் கண்டு பழகிய எங்களுக்கு அது மிகச் சிறிய எண்ணாகத் தோன்றியது.

குடும்பத்திற்கு விடுவதைவிடப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்கு வருவாய் மிகுதி. ஆகவே உணவகத்தில் பரிமாறுபவரும் அறைகளைத் துப்புரவு செய்பவரும் கடலுக்கு அக்கரையிலுள்ள மெஸ்த்ரேயிலிருந்து வந்து போகின்றனர். குடும்பங்கள் போனபின் காய்கறிக் கடை எதற்கு? அங்கே முகமூடி விற்கிறார்கள்.

கூட்டமே வராமற்போனால் நகரம் பிழைக்குமா? 2020இல் கொள்ளைநோயால் ஊர் அடங்கியபோது, கால்வாய் நீர் தெளிந்துவிட்டதென்று படங்களைப் பார்த்து உலகமே மகிழ்ந்தது, நாமும் மகிழ்ந்தோம். அந்தத் தெளிந்த நீரில் படகோட்டிகளுக்குப் பிழைப்பில்லை. நகரப் படகுப் போக்குவரத்துகூட வெளியாரின் பணத்தை நம்பியே ஓடுகிறது. எங்களிடம் ஒரு சீட்டுக்கு 9.50 யூரோ வாங்கினர். உள்ளூரார் செலுத்துவது அதில் ஒரு சிறு பங்கே.

திரும்பும் வழியில் சாந்தா மரியா தெல்லா சலூத்தே பேராலயத்தில் இறங்கினோம். 1630ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது செய்த நேர்த்திக்கடனாக எழுந்த ஆலயம். 'சலூத்தே' என்றால் ஆரோக்கியம் என அறிந்ததும், "நம் ஆரோக்கிய அன்னை!" என்று எங்கள் பெண்கள் முழந்தாளிட்டனர். அருகில் மெழுகுதிரி ஏற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் வழிகாட்டியின் துணையோடு எங்களிடம் பேசினார். அவருடைய பிள்ளைகள் மெஸ்த்ரேயில் வாழ்கிறார்களாம். நவம்பர் 21, அன்னையின் திருநாளன்று, கால்வாயின் குறுக்கே அமைக்கப்படும் தற்காலிகப் பாலத்தைக் கடந்து தவறாமல் வருவார்களாம்.

"நீங்கள் எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்று கேட்டார். நான்கு மணிக்குப் படகு என்றோம்.

எங்களைப்போல் பகலில் வந்து திரும்புவோரிடம், நெரிசல் மிக்க சில நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை 2024 ஏப்ரல் 25இல் அங்கே தொடங்கியது. அச்செய்தியைப் படித்தபோது எங்களில் ஒருவருக்கும் சினம் வரவில்லை. படகுச் சீட்டையும், முரானோக் கண்ணாடி என நம்பி வாங்கிய இரண்டு செபமாலைகளையும் தவிர, அந்நகரில் நாங்கள் வேறெதற்கும் காசு கொடுத்திருக்கவில்லை.