மச்சான் கொண்டு வந்த வான்கோழி

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் இருக்கிற நம்மட ஆக்கள் பெருநாளைக்கு வரச் சூட்கேஸ் அடுக்குகிற காலம் என்பதால் இப்பவே எழுதி வைக்கிறேன்.

போன வருஷம் ஜூன் மாதம். கச்சான் காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்த நாட்கள். தங்கச்சியின் மாப்பிள்ளை இரண்டு வருஷத்துக்குப் பிறகு தோஹாவிலிருந்து வந்து இறங்கினார். தங்கச்சிக்கு அப்போது ஆறு மாதம். இரவு எட்டு மணிக்கு வேன் வாசலில் நின்றது. சொக்லேட், சென்ட், பிறக்கப்போகிற பிள்ளைக்கு உடுப்பு எல்லாம் வெளியே வந்த பிறகு, சூட்கேஸின் அடியில் துவாயால் சுற்றின ஒரு பொதி. புகையூட்டின வான்கோழி நெஞ்சு இறைச்சி, இரண்டு கிலோவுக்குக் கிட்ட. காற்றை உறிஞ்சி இறுக்கின பிளாஸ்டிக் உறை, மேலே ஹலால் முத்திரை.

"நாளைக்குப் பகலைக்கு எல்லாருக்கும் இத வெட்டி வெப்பம் மதினி" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோசம். நாலு நாள் ஓவர்டைம் காசாம்.

உறையைப் பிரித்து அவரே இரண்டு துண்டு வெட்டி வாயில் போட்டார். வெட்டின இடத்தைப் பார்த்த உம்மா, "என்ன மனே, உள்ளுக்குச் சிவப்பாக் கிடக்கு. வேகல்ல போல" என்றா. அதற்கு நான் பயப்படவில்லை. புகையும், பதப்படுத்தச் சேர்க்கும் நைத்திரைற்று உப்பும் இறைச்சியின் நிறப்பொருளோடு சேர்ந்தால் அந்த இளஞ்சிவப்பு வரும். முழுக்க வெந்த பிறகும் போகாது. என்னைப் பயப்படுத்தியது வேறு. பொதியைத் தூக்கியபோது அது கையில் வெதுவெதுவென்று இருந்தது.

மச்சானிடம் பயணக் கதை கேட்கிற மாதிரிக் கேட்டு நேரத்தைக் கணக்குப் போட்டேன். அசர் தொழுதுவிட்டு அறையில் பிரிட்ஜிலிருந்து எடுத்தது. இரவு பிளேன். கட்டுநாயக்கவில் விடிந்தது. கண்டியில் சாச்சி வீட்டில் பகல் சாப்பாடு. அந்த நேரமெல்லாம் வேன் வெயிலில் நின்றது. கூட்டிப் பார்த்தால் 25 மணித்தியாலம். உறையிலோ, 0 முதல் 4 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும் என்று அறபியிலும் இங்கிலீசிலும் தெளிவாக எழுதியிருந்தது.

"மச்சான், இது சாப்பிட ஏலாது" என்றேன். அவருடைய உம்மா அங்கேயே இருந்தா. அவவுக்கு முன்னால் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வாத்தியார் வேலை செய்து செய்து எனக்கு வகுப்புக் குரல் ஒன்று வந்துவிட்டது.

மாமி விடவில்லை. "புகை போட்ட இறைச்சி எப்பிடிகா பழுதாகும்? அந்தக் காலத்துல ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சிய வத்தல் போட்டு மாசக்கணக்கா வெச்சித் தின்னல்லியா? பிரிட்ஜா இருந்த?"

நியாயமான கேள்வி. அதைக் கேட்டதும் எனக்கு என்னுடைய மூத்தம்மா ஞாபகம் வந்தா.

2005 ஜனவரி. சுனாமி வந்து ஒரு மாதம் கூட ஆகவில்லை, ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிட்டது. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தோம். வேறு ஊர்க்காரர்கள் குர்பான் கொடுத்து எங்களுக்கு இறைச்சி அனுப்பியிருந்தார்கள். கரண்டும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. மழைக்காலம், வெயிலை நம்ப ஏலாது. மூத்தம்மா இறைச்சியைச் சுண்டுவிரல் மொத்தத்துக்கு நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் பிரட்டி, தகரத்துக்குக் கீழே அடுப்புக்கு மேலால் கம்பி கட்டித் தொங்கவிட்டா. சிரட்டையும் பொச்சுமட்டையும் போட்டு இராப்பகலாகப் புகை. எங்கள் உடுப்பெல்லாம் அந்த மணம். நாலாம் நாள் ஒரு துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தா. வளைந்தது. மறுகாவும் தொங்கவிட்டா. விறகுக் குச்சி மாதிரி வெடித்து முறிகிற மட்டும் அவ இறக்கவில்லை.

அதே நாள் பின்னேரம் இன்னொரு பை வந்தது. காலையிலிருந்து ஷொப்பிங் பைக்குள் கட்டியபடி ஊரெல்லாம் சுற்றி வந்த இறைச்சி. மூத்தம்மா பைக்குள் கையை விட்டா, எடுத்தா, ஒரு வார்த்தை பேசாமல் கொண்டுபோய்ப் புதைத்தா. எங்களுக்கு அழுகை வந்தது. அந்த முகாமில் இறைச்சியைக் கண்டதே அன்றைக்குத்தான்.

மாமியிடம் நான் சொன்னது இதுதான். மூத்தம்மாவின் இறைச்சியைக் காப்பாற்றியது புகை இல்லை. காய்ச்சல். உப்பு தண்ணீரை வெளியே இழுத்தது, அடுப்புச் சூடு அதை உலர்த்தியது, புகை மேற்பரப்பில் கொஞ்சம் உதவியது. தண்ணீர் இல்லாத இடத்தில் பற்றீரியா பெருக ஏலாது. விஞ்ஞானப் புத்தகத்தில் உணவு நற்காப்பு என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோமே, அது இதுதான். நம்மட மார்க்கத்திலும் இதற்கு ஒரு தடம் இருக்கிறது: ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு வருகிற மூன்று நாளுக்கு அய்யாமுத் தஷ்ரீக் என்று பேர் வந்ததற்கு, அந்த நாட்களில் குர்பான் இறைச்சியை அரிந்து வெயிலில் காயப்போட்டதைத்தான் காரணமாகச் சொல்வார்கள்.

மச்சான் கொண்டு வந்தது அந்த இனம் இல்லை. உப்புத் தண்ணீர் ஏற்றி, வேகவைத்து, ருசிக்குப் புகை காட்டின ஈர இறைச்சி. அழுத்தினால் தண்ணீர் வரும். பேர் மட்டும்தான் புகை இறைச்சி, அதைக் காப்பாற்றுவது குளிர். குளிர் போனால் அது நேற்றைய கறிச்சட்டிக்குச் சமம். காற்றில்லாத உறை என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. காற்றில்லாத இடத்தில்தான் வளருவேன் என்கிற பற்றீரியாவும் உண்டு, சில நேரம் மணத்தில் ஒரு வித்தியாசமும் காட்டாது. சமைத்த இறைச்சி வெளியில் இருக்கலாம் என்று சொல்லப்படுகிற நேரம் 2 மணித்தியாலம். 32 பாகைக்கு மேல் சூடு என்றால் 1 மணித்தியாலம். 20 நிமிஷத்துக்கு ஒருக்கால் ஒன்று இரண்டாகும் என்று வைத்து, மகனுடைய கொப்பியின் பின்பக்கத்தில் பெருக்கிக் காட்டினேன். 8 மணித்தியாலத்தில் ஒன்று 1 கோடியே 67 இலட்சம். இது 25 மணித்தியாலம்.

"அப்ப நல்லாப் பொரிச்சி எடுப்பமே?" மாமி கேட்டா. பற்றீரியா சாகும், ஆனால் சில இனம் முன்னமே விட்டுவைத்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் சாப்பாட்டுக்குப் போகிற ஸ்டெபிலோகொக்கஸ் அப்படிப்பட்டது.

மச்சான் சிரித்தார். "நான் ரெண்டு துண்டு திண்டிட்டன், ஒண்டும் ஆகல்லியே மதினி." அதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையாகவே அவருக்கு அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை, அடுத்த நாளும் ஆகவில்லை.

உம்மாதான் மெல்லமாக வாய் திறந்தா. "இறக்காமத்த மறந்திட்டீங்களா?"

வீடு அமைதியாகிவிட்டது. 2017 ஏப்ரலில் அங்கே கந்தூரிச் சோறு சாப்பிட்ட நூற்றுக்கணக்கான ஆக்கள் ஆஸ்பத்திரிகளில் நிரம்பி வழிந்ததும், மூன்று பேர் மௌத்தானதும் இந்தக் கரையில் யாருக்குத்தான் தெரியாது? அந்தச் சோற்றையும் யாரோ நல்ல மனதோடுதான் ஆக்கினார்கள்.

பிறகுதான் நான் தங்கச்சியைப் பார்த்தேன். இந்த மாதிரி வெட்டிச் சாப்பிடுகிற இறைச்சியில் லிஸ்டீரியா என்று ஒன்று இருக்கலாம், அது பிரிட்ஜுக்குள்ளேயும் மெல்ல மெல்லப் பெருகும். பிள்ளைத்தாய்ச்சிக்கு லேசான காய்ச்சல் மாதிரி வந்து போகும், வயிற்றுப் பிள்ளையை விடாது. தென்னாபிரிக்காவில் 2017, 2018இல் பொலோனி என்கிற பதப்படுத்தின இறைச்சியால் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இது வந்தது, 200 பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் பிறந்த குழந்தைகள் நிறைய. இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. மச்சானை முற்றத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தானே பொதியைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னைமரத்தடியில் கிடங்கு வெட்டினார். தங்கச்சி அழுதாள். "இஸ்ராப்" என்று மாமி இரண்டு தரம் சொன்னா. அடுத்த நாள் பகலைக்கு நாட்டுக்கோழிக் கறி, யாரும் அதிகம் பேசவில்லை.

சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கொழும்பில் வாங்கினாலும் சரி, நல்ல ஐஸ் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, கையில் தொட்டால் விறைக்கிற குளிரோடு வீடு வந்து சேர வேண்டும். நேரே பிரிட்ஜின் உள்பக்கம், கதவுத் தட்டில் இல்லை. உறை பிரித்தால் மூன்று நாலு நாளுக்குள் முடிக்க வேண்டும். விருந்துக்கு என்றால் முழுவதையும் வெட்டிப் பரப்பாமல், சாப்பிடுகிற அளவை மட்டும் வெட்டி வையுங்கள், மிச்சம் குளிரில் இருக்கட்டும். பச்சை இறைச்சி வெட்டின பலகையில் வெட்டாதீர்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் வயசாளிகளுக்கும் குளிராகக் கொடுக்க வேண்டாம், ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். உள்ளுக்கு 74 பாகை வர வேண்டும். அந்தச் சூடு, குளிரிலேயே இருந்த இறைச்சிக்குத்தான். சூட்கேஸில் வந்ததுக்கு இல்லை.

தங்கச்சிக்கு மகள் பிறந்தாள், அல்ஹம்துலில்லாஹ். மச்சான் திரும்பிப் போய்விட்டார். போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: "மதினி, பெருநாளைக்கு வாறன். பயப்பிடாதீங்க, இந்தமுறை பேரீச்சம்பழம் மட்டுந்தான்."