ஒரு சிட்டிகை டிஸ்ப்ரோசியம்

காந்தம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்த்த லாட காந்தம்தான். இரும்புத்தூளில் புரட்டி எடுத்தால் மீசை முளைக்குமே, அதேதான். ஆனால் ஹார்டு டிஸ்க்கிலும் இயர்போனிலும் மின்சாரக் காரின் மோட்டாரிலும் இருப்பது வேறு ரகம். நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றும் சேர்ந்த கலவை அது. எடைக் கணக்கில் இரும்பு சுமார் 72 சதவீதம், நியோடிமியம் 27. போரான் வெறும் 1 சதவீதம்தான்! ஆனால் அந்த ஒன்று இல்லாவிட்டால் இந்தக் காந்தமே கிடையாது.

இதன் பின்னால் ஒரு ஜப்பானியர் இருக்கிறார். பெயர் மசாட்டோ சகாவா. அப்போது சக்தி வாய்ந்த காந்தம் என்றால் சமாரியம்-கோபால்ட். கோபால்ட் பெரும்பாலும் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டிலிருந்து வந்தது. 1978ல் அங்கே ஷாபா மாகாணத்தில் சண்டை மூள, விலை எகிறியது. மலிவான இரும்பை வைத்துச் செய்தால் என்ன? சிக்கல் என்னவென்றால், அருமண் தனிமத்தோடு இரும்பைச் சேர்த்தால் கொஞ்சம் சூட்டிலேயே காந்தம் போய்விடும். இரும்பு அணுக்கள் மிக நெருக்கமாக இருப்பதுதான் காரணம் என்று 1978ல் ஒரு கருத்தரங்கில் கேட்டார் சகாவா. நடுவே போரான் மாதிரி ஒரு சின்ன அணுவை ஆப்பு போலச் செருகினால்? வேலை பார்த்த கம்பெனியில் இதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. 1982ல் ராஜினாமா செய்துவிட்டு சுமிட்டோமோ ஸ்பெஷல் மெட்டல்ஸில் சேர்ந்தார். சில மாதங்களில் காந்தம் தயார். அதே சமயத்தில் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஜான் க்ரோட் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது தனிக்கதை.

ஆனால் இந்தக் காந்தத்துக்கும் சூடு ஆகாது. 312 டிகிரி செல்சியஸில் காந்தத்தன்மை முழுக்கப் போய்விடும். அதற்கு வெகு முன்பே, 100 டிகிரியைத் தாண்டும்போதே தடுமாற ஆரம்பிக்கும். கார் மோட்டாரோ 200 டிகிரி வரை தாங்கச் சொல்கிறது. கோபால்ட் சேர்த்தால் அந்த 312 என்ற எல்லை மேலே போகும். தாமிரம், அலுமினியம் துளித்துளி சேர்த்தால் உள்ளே இருக்கும் துகள்களின் இடைவெளி ஒழுங்காக நிரம்பும். உண்மையான வைத்தியம் டிஸ்ப்ரோசியம்தான். நியோடிமியத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு இதைப் போட்டால், எதிர்க் காந்தப்புலம் வந்து புரட்டப் பார்த்தாலும் காந்தம் அசையாது. பாடப்புத்தகம் இதைக் காந்த நீக்கு விசை என்கிறது. பிடிவாதம் என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இலவசமாக எதுவும் வருவதில்லை. இரட்டைப் பதிவு முறை படித்தவர்களுக்கு இது புதிதல்ல, வரவு இருந்தால் பற்றும் உண்டு. டிஸ்ப்ரோசியத்தின் காந்தத் திசை இரும்புக்கு நேர் எதிர். எனவே பிடிவாதம் ஏற ஏற, மொத்த வலிமை இறங்கும்.

இன்னொரு பற்று, விலை. 2010ல் சீனா ஏற்றுமதி ஒதுக்கீட்டைக் குறைத்தது. 2009ல் கிலோ சுமார் 100 டாலராக இருந்த டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு 2011ல் 2000 டாலரைத் தாண்டியது!

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சிக்காரர்களின் சிக்கனத்தைப் பாராட்ட வேண்டும். காந்தம் புரளுவது ஒவ்வொரு துகளின் ஓரத்திலிருந்துதான் தொடங்குகிறது. அப்படியானால் கோட்டைக்குள் வீட்டுக்கு வீடு காவல் எதற்கு? மதிலில் மட்டும் போட்டால் போதுமே! காந்தத்தின் மேற்பரப்பில் டிஸ்ப்ரோசியத்தைப் பூசி, சுமார் 900 டிகிரியில் சூடாக்கினால், துகள்களுக்கு நடுவே உள்ள சந்துகள் வழியாக அது உள்ளே ஊர்ந்து போகிறது. ஓரத்தில் மட்டும் தங்குவதால் செலவும் குறைவு, வலிமை இழப்பும் குறைவு. துகளையே மிகவும் பொடியாக்கினாலும் பிடிவாதம் கூடும். 2016ல் ஹோண்டாவும் டைடோ ஸ்டீலும் இந்த வழியில், டிஸ்ப்ரோசியமே இல்லாமல், ஹைப்ரிட் கார் மோட்டாருக்குக் காந்தம் செய்துகாட்டின.

ஆனாலும் விட்டபாடில்லை. 2025 ஏப்ரலில் சீனா 7 அருமண் தனிமங்களுக்கு ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டது. கவனியுங்கள், அந்தப் பட்டியலில் நியோடிமியம் இல்லை! டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இருந்தன. அவை கலந்த காந்தங்களும் அதில் சிக்கின. மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு ஆலை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. இந்தியக் கார் கம்பெனிகளும் உரிமத்துக்காகக் காத்திருந்தன.

நம்மிடம் மணல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் மோனசைட் கலந்த கடற்கரை மணலை அள்ளிப் பிரிக்கிறார்கள். மோனசைட்டில் நியோடிமியம் தாராளமாக உண்டு. டிஸ்ப்ரோசியம்தான் மிகச் சொற்பம்.